முட்டு

அந்தச் சந்து நாலு எட்டு அகலம்.
இந்தப் பக்கம் எர்சீலியா, தபால் நிலைய எழுத்தர்.
அந்தப் பக்கம் தார்க்வீனியோ,
ஆட்டுப்பால் ஏற்றும் லாரிக்காரன்.
அப்ருத்ஸோ மலையில்,
பனி விழுந்தால் பாதை மூடிக்கொள்ளும் ஊர்.

அவர்களுக்குள் பதினோரு வருஷ வழக்கு.
துணிக்கொடி கட்ட
அவன் சுவரில் அவள் அறைந்த ஒரு கொக்கி.
"என் சுவரை நம்பி உன் பாவாடை காய வேண்டாம்"
என்று பிடுங்கிக்கொண்டு போனான்.
சொன்ன சொல் அதுதான். நம்பி.
நீதிமன்றத் தாளில் அது
"ஆதாரமாகக் கொண்டு" என்று ஏறியது,
எச்சில் துடைக்கப்பட்டு.

நவம்பரில் ஒரு பின்னிரவு
நிலம் தோளைக் குலுக்கியது.
இருபத்திரண்டு நொடி.
மணிக்கூண்டு போயிற்று, ரொட்டிக்கடை போயிற்று.
இந்த இரண்டு வீடும் விழவில்லை.
சந்தின் மேல் குனிந்து நின்றன,
எதிர் வீட்டின் காதில்
ஏதோ கேட்கப் போவதுபோல்.

தீயணைப்புப் படையிலிருந்து நீவெஸ் வந்தாள்.
சுண்ணக்கட்டியால் சுவரில் வட்டம் போட்டாள்.
பன்னிரண்டு தேவதாரு உத்தரம்,
இவள் சமையலறை ஜன்னலிலிருந்து
அவன் படுக்கையறை ஜன்னலுக்கு, குறுக்கே.
"இது யாரைத் தாங்குது?" என்றான் அவன்.
"எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்,"
ஆப்பை அடித்துக்கொண்டே நீவெஸ்.
இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.
ஒரே பேனா.
நடுவில் நின்று அவள்தான் கை மாற்றினாள்.

அவர்கள் மொழியில் இதற்கு என்ன சொல்லோ.
நான் என்னுடையதில் கை விட்டுத் துழாவுகிறேன்.
சார்ந்து: ரொம்பச் சுத்தம், இஸ்திரி போட்டது.
பற்றி: சொல்லும்போதே உள்ளங்கை சுடுகிறது.
அண்டி: முதுகு கொஞ்சம் வளைந்த சொல்.
ஆனாலும் பக்கத்து வீட்டுக்கு
அண்டை வீடு என்று பேர் வைத்தது யார்?
நேற்றுச் சண்டை போட்டு
இன்று நெருப்புக்கு வந்து நின்றவனாக இருக்கும்.

அப்புறம் முட்டு.
கிடா செய்வதும் அது, கழி செய்வதும் அது.
மோதினாலும் முட்டு,
விழாமல் பிடித்தாலும் முட்டு.
இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே:
எதிரில் ஆள் நகராமல் நிற்க வேண்டும்.

நாலு வருஷம் தகரக் குடிலில் இருந்தார்கள்,
அவள் ஏழாம் எண், அவன் முப்பத்தொன்று.
அவள் பணம் முதலில் வந்தது. வீடு நிமிர்ந்தது.
மேஸ்திரி கேட்டான், மரத்தை உருவிடவா?
அவன் பணம் எந்த மேசையிலோ கிடந்தது.
உருவினால் அவன் வீடு சந்தில் படுத்துவிடும்.
"இருக்கட்டும்" என்றாள்.
சமையலறை ஜன்னல் திறக்கவே இல்லை.
பகலிலும் விளக்குப் போட்டுச் சமைத்தாள்.
மின் ரசீதுகளைச் சேர்த்து வைத்தாள்,
வழக்குக்கு உதவும்.

அவன் தினமும் மாலையில் வந்து
கீழே நின்று அண்ணாந்து எண்ணுவான்.
பன்னிரண்டு. போய்விடுவான்.

பிப்ரவரியில் தபால் ஜன்னலில் நின்றான்,
பதிவுத் தபால், தடித்த உறை.
பெறுநர் இடத்தில் அவள் பெயர்,
ஓர் எழுத்து கூடுதலாக.
எடை போட்டாள். நாற்பத்தொரு கிராம்.
காசு வாங்கினாள், சில்லறை கொடுத்தாள்,
முத்திரையைத் தேவைக்கு மேல் ஓங்கிக் குத்தினாள்.
"நாளை கிடைக்கும்."
"அவசரமில்லை."

மறுநாள் தனக்குத் தானே
கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டாள்.
உள்ளே கடிதம் இல்லை. கொக்கி.
மரையில் அவன் சுவரின் பழைய சுண்ணாம்பு.

அதை எங்கும் அறையவில்லை.
அவள் மேசையில்
காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
துணியை மாடியிலிருந்து எட்டி
உத்தரங்களின் மேலேயே போடுகிறாள்.
கீழே நடப்பவர் தொப்பியில் சொட்டுகிறது.
அவன் தொப்பியிலும்.
இதற்கும் வழக்குப் போடலாம்.
போடுவான்.