திருட்டுக் காற்று

மடியில் லேப்டாப்.
கையுறையைக் கழற்றியாயிற்று,
அது போட்ட விரலுக்கு விசைகள் எல்லாம் ஒன்றுதான்.
லிக்செலேயில் ஏப்ரல் என்பது காலண்டரில் மட்டும்.
புகை போகட்டுமென்று
கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறோம்.
புகை போகிறது. குளிர் வருகிறது.

கிழட்டு வோல்வோ.
டர்போ வேறொரு வண்டியுடையது.
நான்கு இன்ஜெக்டர்களும்
சுண்ட்ஸ்வாலில் ஒருவன் ஷூப்பெட்டியில் வைத்து விற்றவை.
மூளை மட்டும் தூர்ஸ்டென் தானே
சமையலறை மேசையில் பற்றவைத்தது;
மேசையில் அந்த வடு இன்னும் இருக்கிறது.
எதுவும் எதற்காகவும் பிறந்ததில்லை.
சாவி திருகினால்
எல்லாம் ஒரே குடும்பம்போல் இருமுகிறது.

"எவ்வளவு?"
பானட்டுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்.
"ஒன்று புள்ளி ஒன்று இரண்டு."

ஒன்று என்றால் சரி.
ஒன்றுக்கு மேல் பட்டினி.
கீழே திகட்டல்.
புகைக்குழாயில் திருகிய கட்டைவிரல் பருமன் சென்சார்
எஞ்சின் விட்ட மூச்சை முகர்ந்து
எண்ணாகச் சொல்கிறது.
அதை நான் வாயால் சொல்கிறேன்.
இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பேசிக்கொண்டது
பெரும்பாலும் இவ்வளவுதான்.

"பட்டினி கிடக்குது. மூணு சதவீதம் போடு."
போட்டேன்.
கட்டம் கட்டமாய் அட்டவணை,
எண்ணூறு சுற்று, ஆயிரம், ஆயிரத்து இருநூறு.
ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பெட்ரோல்.
"இப்போ?"
"ஒன்று புள்ளி ஒன்று."
"இன்னும் போடு."

மூன்று வாரம் போட்டோம்.
என் கம்பளிச் சட்டை பெட்ரோல் நாறியது.
பேக்கரியில் மாவு பிசையும்போது
பெர்னிலா மூக்கைச் சுளித்து
"பங்க்கிலா தூங்கினே?" என்றாள்.

குழாய்க்குப் பின்னால் பனி கறுத்திருந்தது.
படுத்திருக்கும் நாயின் அளவுக்கு ஒரு கறுப்பு.
பட்டினி கிடப்பவன் இப்படியா
சாப்பிட்ட இடத்தை அசிங்கம் பண்ணுவான்?
சொன்னேன்.
"எண் என்ன சொல்லுது?" என்றான்.
எண் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது சொன்னது.
எண்ணோடு எப்படி வாதாட?
நானும் விட்டுவிட்டேன்.

பிளக்கைக் கழற்றிய ஞாயிறுதான்
அவன் முதல்முறை பேசாமல் நின்றான்.
நான்கும் அடுப்புக்கரி.
துணியில் துடைத்தான், மறுபடி பார்த்தான்,
துடைத்தால் மாறிவிடும் என்பதுபோல்.
பிறகு உள்ளே போய்
வாக்குவம் கிளீனரைத் தூக்கிவந்தான்,
வெளியே ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயின் வாலில் சொருகினான்.
"சோப்புத் தண்ணி" என்றான். "பிரஷ்."
கையில் கிடைத்தது
பன்களுக்கு முட்டை பூசும் என் பிரஷ்.

வண்டிக்கடியில் நானும் படுத்தேன்.
சிமென்ட் முதுகைக் கடித்தது.
டார்ச்சை நான் பிடிக்க
மூட்டு மூட்டாய் அவன் பூசினான்.
டர்போவை விட்டு இறங்கும் வளைவில்,
சென்சாருக்கு ஒரு சாண் முன்னால்,
குமிழி.
ஒன்று. பிறகு ஒரு கொத்து,
குழந்தை வாயோரத்து எச்சில்போல்.

இந்த ஊரில் அதற்குத் திருட்டுக் காற்று என்று பெயர்.
கேஸ்கெட்டின் மயிரிழைப் பிளவில்
வெளிக்காற்று புகுந்து
சென்சாரின் மூக்கில் போய் நின்றிருக்கிறது.
அது முகர்ந்தது எஞ்சினை அல்ல,
எங்கள் கராஜை.
உள்ளே வயிறு முட்டிக் கிடந்தது.
நாங்கள் ஊட்டிக்கொண்டிருந்தோம்.

"நீ சொன்னே" என்றான்.
இருவர் முகமும் அச்சுக்கடியில்,
பார்த்துக்கொள்ள இடமில்லை.
"சொன்னேன்."
குமிழி உடைந்து
அவன் புருவத்தில் தெறித்தது.
யார் முதலில் சிரித்தோம் என்பதில்
இன்னும் தகராறு.

புதன்கிழமை புது கேஸ்கெட்.
"எவ்வளவு?"
"பூஜ்யம் புள்ளி ஏழு ஆறு."
சீழ்க்கை அடித்தான்.
போட்டதையெல்லாம் இனி
கட்டம் கட்டமாய் எடுக்க வேண்டும்.
பூச்சியம் ஒன்பதுக்கு வருவதற்குள்
பேட்டரி சோர்ந்துவிட்டது,
நானும்.

பிரஷை அவன் கழுவி
அதே கொக்கியில் மாட்டியிருக்கிறான்.
முகர்ந்து பார்த்தேன்.
புதிது வாங்க வேண்டும்.