மூன்றாம் கோரிக்கை

சுருள் தன்னுடையது என்கிறான் மரியசீலன்.
தன்னுடையது என்கிறான் கேதாரன்.
இரண்டு பேரும் கம்பி வாங்கியது
விசுவமடுச் சந்தியில் ஒரே பழைய இரும்புக் கடையில்;
எரிந்துபோன நீர்ப்பம்பிகளின் செப்பு,
கிலோக் கணக்கில்.

கொழும்பு லோயரின் கடிதம் பதினொரு பக்கம்.
தபாற்கந்தோர் ஞானசேகரம்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தமிழில் சொன்னார்:
கோரிக்கை ஒன்று, பிடியின் வளைவு.
கோரிக்கை இரண்டு, சுருளின் வடிவம்.
கோரிக்கை மூன்று,
இரும்பின் மேலே போகையில்
கருவி பேசாமல் இருக்கும் முறை.

வழக்கு மூன்றாவதில்.

பெட்டியில் 'பொழுதுபோக்குக் கருவி' என்று அச்சிட்டிருக்கிறது.
ஒரு கடற்கரை, தொப்பி போட்ட வெள்ளைக்காரன்,
உள்ளங்கையில் ஒற்றை நாணயம்.
அந்தப் படத்தைக்கூட
யார் முதலில் களவெடுத்தது என்று ஒரு கிளை வழக்கு உண்டு.

வாங்க வருகிறவர்களுக்குப் பொழுது போவதில்லை.
இருட்டினபிறகு வந்து
சத்தம் குறைக்கலாமோ என்று கேட்கிறார்கள்.
மாமரத்துக்குக் கிழக்கே ஐந்து முழத்தில்
தாலிக்கொடியும் இரண்டு காப்பும், சோடாப் போத்தலுக்குள்.
மாமரம் இல்லை இப்போது.
கிழக்கு மட்டும் இருக்கிறது.

எல்லா இரும்புக்கும் கூவுகிற மெசின்
அவர்களுக்கு எதற்கு?
இந்தச் செம்மண்ணில் ஒரு பரப்பைத் தாண்ட
ஒரு மாரி முடிந்துவிடும்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.
எட்டு வருசம் கண்ணிவெடி அகற்றியவள்,
இரண்டு பேருக்கும் சொந்தமில்லை.
எங்கள் கருவிக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது.
குண்டூசி, ஆணி, பால்மா டின்னின் மூடி,
எதற்கும் ஒரே அலறல்,
ஒவ்வொன்றுக்கும் நான் முழங்காலில்.
அந்த அலறலுக்கு ஒருவரும் உரிமை கேட்டதில்லை.

இணக்க சபைத் தலைவர் கதிரையோடு வந்தார்.
கமநல சேவையில் இருந்து இளைப்பாறியவர்,
எதையும் அளந்து பார்க்கிற மனிதர்.
தன் மோதிரத்தைக் கழற்றி ஓரிடத்தில் புதைத்தார்.
நாலங்குல ஆணியொன்றை இன்னோரிடத்தில்.

மோதிரத்தில் இரண்டு மெசினும் பாடின.
ஆணியில் இரண்டும்
ஒரே கணத்தில் வாயை மூடின.
"பாத்தியளே, களவு!" என்றான் மரியசீலன்.
"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்றான் கேதாரன்.
தலைவர் எழுதினார்:
மௌனங்கள் ஒத்திருக்கின்றன.

நான்தான் திருகினேன், ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டு குமிழையும் இடப்பக்க எல்லைவரை,
எதையும் விலக்காத இடத்துக்கு.

உடனே நிலம் முழுக்கத் தொண்டை திறந்தது.
தலைவரின் கதிரைக்குக் கீழே,
கோப்பு வைத்த பலகைக்குக் கீழே,
வேலியோரம், நான் நின்ற இடம்,
சுருளை எங்கே நகர்த்தினாலும்.
பள்ளிக்கூட வளவு அது. பத்து வருசமாகப்
பிள்ளைகள் எல்லே விளையாடுகிற இடம்.
வெறும் துண்டு இரும்புதான், எனக்குத் தெரியும்.
அவர்களுக்கும் தெரியும்.

ஆனாலும் கேதாரன் பின்வாங்கினான்
வந்த காலடியிலேயே கால் வைத்து.
மரியசீலன் குனிந்து பார்த்துப் பார்த்து
கேதாரனின் காலடிகளில் வைத்தான்,
இது எவன் காலடி என்று கேட்காமல்.

வழக்கு மாசிக்குத் தவணை.

தலைவர் மட்டும் போகவில்லை.
வெறும் விரலைத் தடவிக்கொண்டு நின்றார்.
"எவன்ரையாவது போடுங்கோ தம்பியவை,
பழையபடி பேசாமல் வையுங்கோ.
என்ரை மோதிரம் கிடக்கு."