ஐந்தடி இரண்டு அங்குலம்

நெட்டையர்களின் எதிர்காலத்தை
எழுதித் தரும் வேலை எனக்கு.
ஒயிட்போர்டின் மேல்வரிசைக்கு
பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறுகிறேன்.

ஆஸ்டின் டவுன், இரண்டாம் மாடி, இரவு பத்தேகால்.
ஏசிக்குப் போட்ட ஓட்டை வழியே மழை இறங்கி
பழைய பந்துகளின் மேல் சொட்டுகிறது.
நாளை பதினொரு மணிக்கு டிராஃப்ட்.
எங்களுக்கு இரண்டாவது அழைப்பு,
போன பருவம் பதினெட்டில் நான்கே வென்றதற்கு.
தோல்விக்கும் இந்த ஆட்டத்தில் கூலி உண்டு.

மூன்று பத்திகள்:
இந்த வருடம், அடுத்தது, அதற்கும் அடுத்தது.
கார்டு ஆட தெருவுக்கு ஒருவன் கிடைப்பான்.
கூடைக்கு அடியில் நின்று
முதுகில் இடி வாங்கத்தான் ஆளில்லை.

மூன்று பத்திக்கும் குறுக்கே நீளமாக ஒரு பெயர்:
அருள்தாஸ், சென்டர்.
வேலையில் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதியது,
எது அழியும் மார்க்கர், எது அழியாதது
என்று தெரியாத வாரம்.
ஸ்பிரிட், சானிடைசர், தேங்காயெண்ணெய்
எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.
நான்கு வருடமாக
அந்தப் பெயரைச் சுற்றித்தான் அணி கட்டுகிறோம்.
இன்று மதியம் ஸ்கேன் வந்தது.
இடது முழங்காலில்
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில்
ஒரு காகிதம் நுழையும் இடம்.

பிகானேரிலிருந்து ஒரு பிஷ்ணோய்.
ஏழடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
உரிமையாளருக்கு அவன்தான் வேண்டும்,
மெட்ரோ தூணில் ஒட்டினால்
தூண் குட்டையாகத் தெரியுமாம்.

எனக்கு லூதியானாப் பையன், குர்சிமர்.
ஆறடி எட்டு, பத்தொன்பது வயது,
ஃப்ரீ த்ரோ பாதிக்குப் பாதி வீண்.
அவனுடைய பதினான்கு ஆட்டங்களைப் பார்த்தேன்,
பந்து போகாத இடங்களில் கண்ணை வைத்து.
கைக்குக் கிடைத்ததைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும்
தலையில் கை வைக்கவில்லை,
நடுவரைப் பார்க்கவில்லை,
எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடுகிறான்.
எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.
நானே ஒன்று போட்டு
திரும்பி ஓடுதல், சுருக்கமாக டி.ஓ. என்றேன்.
முத்தண்ணா சார் அதை
டர்ன்ஓவர் என்று படித்துப் பதறிப்போனார்:
"நோடம்மா, இஷ்டொந்தா?"

டெல்லிக்காரர்கள் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்கள்.
எங்கள் இரண்டைக் கொடுத்தால்
அவர்களுடைய ஐந்தும், அடுத்த வருட முதல் சுற்றும்.
ஐந்தாவது வரை பையன் மிஞ்சுவானா?
மிஞ்சுவான் என்கிறது கணக்கு.
என் வயிறு வேறு சொல்கிறது.
பத்தொன்பது இருபத்திரண்டில் எப்படி ஆகும் என்று
சம்பளம் கொடுத்து என்னைக் கேட்கிறார்கள்.
என் இருபத்திரண்டை யாரும்
போர்டு போட்டுப் பார்த்ததில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

கதவில் நிழல்.
ஐஸ் பையை மறந்துவிட்டேன் என்று அருள்தாஸ்.
ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. போர்டையே பார்த்தார்.
நான் ஸ்டூலின் மேல்,
வாழ்க்கையில் முதல் தடவையாக
அவர் கண்ணுக்கு நேராக என் கண்.

கட்டைவிரலால் தன் பெயரைத் தேய்த்தார்.
வரவில்லை.
"யார் எழுதினது?"
"நான்தான். தெரியாம."
"மூணாவது பத்தியில மட்டும்
மேல பேப்பர் ஒட்டு" என்றார்.
பிறகு, ஐஸைத் தேடிக்கொண்டே,
"ரெண்டாவதுலயும்."

காகிதம் ஒட்டினேன். அதன் மேல் குர்சிமர் என்று எழுதினேன்,
அழியும் மார்க்கரால்.
டெல்லிக்கு மாட்டோம் என்று ஒரு வரி அனுப்பினேன்.
உரிமையாளரிடம் காலையில் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விளக்கை அணைத்து முன்னால் போனவர்
நிலைப்படியில் வழக்கம்போலக் குனிந்தார்.
பின்னாலேயே போன நானும்
குனிந்தேன்.