சலவைக் கணக்கு

பேருந்துப் பட்டறை ப்ரிஸுவேலா,
நகக்கண்ணில் கிரீஸோடு வந்து
ரொட்டிக் கடைத் தாளைப் பிரித்து
ஒரு சட்டையை விளக்கடியில் வைத்தார்.
அரக்குச் சிவப்பு. கழுத்தில் மஞ்சள் பட்டி.
மூன்று பொத்தான்கள்,
ஒன்று மட்டும் வயதில் இளையது.

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு" என்றார்.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
ரொசாரியோவில் பழைய பந்தாட்டச் சரக்குக்கு
விலை சொல்கிற மூன்று பேரில் நான் ஒருத்தி.
போன மாதம் ஒரு கனவான்
கப்பலில் வந்த அணியின் ஆட்ட நிரல் என்று
ஒரு தாளைக் கொடுத்தார்.
மாத்தேயில் ஊறப்போட்டுப் பழசாக்கியது.
முகர்ந்ததும் எனக்கு ஒரு கோப்பை குடிக்கத் தோன்றிற்று.

ஆகவே நனைத்த பஞ்சால்
உள்தையலை ஒற்றினேன்.
சாயம் வெளுக்குமா என்று பார்ப்பதுதானே
என் பிழைப்பு.
வெளுத்தது,
வெளுக்க வேண்டிய அளவுக்கு மட்டும்.
பூச்சி பாதி தின்ற பட்டையில்
லங்காஷயர்த் தையற்காரன் ஒருவனின் மிச்சப் பெயர்.
முதுகில் எண் இல்லை; அந்நாளில்
முதுகுக்கு எண் கிடையாது.
இடது முழங்கையில் ஒட்டு,
வேறு கை போட்டது, நுணுக்கமான கை.

இருபத்திரண்டு நாள் கடல் கடந்து
எட்டு ஆட்டம் ஆடி
இங்கே ரயில்வே கூலிகளிடம் மட்டும் தோற்ற அணி.
அதன் சட்டை வேறெங்கும் இல்லை.
இருந்தும் உதட்டைப் பிதுக்கினேன்.
"நன்றாகத் துவைத்திருக்கிறார்கள், செஞோர்.
வியர்வை இருந்தால் விலை ஏறும்.
நம்மூர் மண் இருந்தால் இன்னும்.
ரத்தம் என்றால்
இந்நேரம் லண்டனுக்குப் போன் போட்டிருப்பேன்."

அவருக்கு முகம் சுண்டியது.
"அசுந்தாவிடம் அழுக்காகத்தான் தந்தார்கள்.
என் அம்மாவுக்கு அத்தை.
துவைப்பது அவள் வேலை."

ஞாயிறு இரவு பதின்மூன்று சட்டைகள்.
திங்கள் மழை, செவ்வாய் மழை,
பரானா ஆற்றின் ஈரக்காற்று
எதையும் காயவிடாத காற்று.
புதன் விடியலில் கப்பல்.
ஓட்டல் பையன் பன்னிரண்டை அள்ளிப்போனான்.
ஒட்டுப் போட்ட முழங்கை காயவில்லை என்று
ஒன்று கொடியிலேயே நின்றது.
கூலியை ஓட்டல் தருமென்றது அணி,
அணி தருமென்றது ஓட்டல்.

சொல்லிக்கொண்டே பணப்பையிலிருந்து
நாலாய் மடித்த சீட்டை எடுத்தார்.
ஊதாப் பென்சில்: சட்டை பதின்மூன்று,
ஒட்டு ஒன்று, நாலு பெசோ முப்பது.
கீழே ஓட்டல் முத்திரை, தேதி,
அணி மேலாளரின் சாய்ந்த கையெழுத்து,
அதற்கு மேல் அவர் கற்றிருந்த ஒரே ஸ்பானியச் சொல்:
நாளை.

என் நாக்கு வறண்டது.
இத்தனை வருடத்தில்
இப்படியொரு சாட்சி என் மேசைக்கு வந்ததில்லை.
முன்னே சொன்ன தொகையை அடித்து
ஐந்து மடங்காக எழுதித் திருப்பிக் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்தார்.
"சட்டையை விற்கிறேன்.
சீட்டு விற்பனைக்கில்லை.
அது பாக்கி."

சீட்டில்லாமல் இது
வெறும் பழைய சிவப்புத் துணி என்றேன்.
அந்த அணியே கலைந்துவிட்டது,
மைதானத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள் என்றேன்.
நம் நாடு தன் நாணயத்திலிருந்து
பதின்மூன்று சுழியம் உதிர்த்தாயிற்றே,
சட்டைக்கு ஒன்றாக;
நாலு பெசோ முப்பதை
இன்று எந்தக் காசில் எண்ணுவீர்கள் என்றேன்.
"எண்ண வேண்டியது நானில்லையே" என்றார்.

கடைசியில் ஒரு நகலுக்கு இசைந்தார்.
பட்டியலில் எழுதினேன்: உருப்படி நாற்பத்தொன்று.
நிலை: துவைத்தது. ஒட்டுப் போட்டது.
அடுத்த வார்த்தையை எழுதி, அடித்து,
மீண்டும் எழுதினேன்: கூலி நிலுவை.

அவர் சட்டையை மடித்தார்,
கைகள் பின்னால், கழுத்துப் பட்டி மேலே,
வாசலில் ஆள் காத்திருப்பதுபோல.
நகலுக்கு எவ்வளவு என்று கேட்டார்.
பரவாயில்லை, நாளை தாருங்கள் என்று
வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அங்கேயே நின்று
சில்லறையை ஒவ்வொன்றாக
மேசையில் வைத்தார்.