முழு நிமிஷம்

சாவி இரண்டு.
ஒன்று என் இடுப்பில், மற்றது சுரங்கியின் சட்டைப்பையில்.
அலுமாரிக்குள் இன்னொரு அலுமாரி,
அதற்குள் மோர்ஃபின்,
சுண்டுவிரல் நுனியளவு கண்ணாடிக் குப்பிகள்.
"பதினேழு" என்றேன்.
"தஹஹத" என்றாள்.
இரண்டு மொழியிலும் ஒரே எண் வந்தால்தான் பூட்டு திறக்கும்.
சிவப்பு மட்டைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து வட்டம் வட்டமாய்,
என்னுடையது மழையில் சாய்ந்த வேலிபோல்.

பதினோராம் கட்டில் ஹில்மி.
கொம்பனித்தெரு, ஆட்டோக்காரன்.
பேஸ்லைன் வீதியில் பஸ் இடித்து
தொடையெலும்புக்குள் இப்போது ஓர் ஆணி.
"வலி பத்துக்கு எத்தனை?" என்றேன்.
"பதினாலு, மிஸ்ஸி."

ஒரு குப்பியை உடைத்து இழுத்து
உப்புநீரால் பத்தாக்கினேன்.
பெயரும் மருந்தும் நேரமும் எழுதி ஒட்டினேன்.
பெயரில்லாத ஊசி யாருக்கும் போய்விடும்.
இரண்டு. மெதுவாய்.
பொறுத்திருந்து, இன்னும் இரண்டு.
அவசரம் அவனுடையது, எனக்கு அது வரக்கூடாது.
ஆறில் நெற்றி விரிந்தது, நிறுத்தினேன்.
மிச்சம் நான்கை நான் கொட்டுவதை
சுரங்கி கண்கொட்டாமல் பார்த்தாள்.
சந்தேகம் இல்லை அது.
சந்தேகம்தான்,
இருவருக்கும் பொதுவாக வாங்கிவைத்தது.

மூச்சை எண்ணுவதாகச் சொல்லக்கூடாது.
சொன்னால் மனிசர் மூச்சை நடிப்பார்கள்.
நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து
நெஞ்சைப் பார்.
கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கும் ஆட்களும் உண்டு.
ராத்திரியில் பெருக்கல் பொய் சொல்லும்.

பதினான்கு.
பதின்மூன்று.
மருதானையிலிருந்து கடைசி ரயில் ராகமைக்குப் போகிறது.
பன்னிரண்டு.
பிறகு எட்டு.

"நல்ல குறட்டை" என்று சிரித்தார் பன்னிரண்டாம் கட்டில்.
குறட்டை இல்லை, ஐயா,
நாக்கு பின்னால் விழுந்து வழி மறிக்கிறது.
"ஹில்மி! ஹில்மி!"
தோளைக் குலுக்கினேன்.
இமையைத் தூக்கினால் கண்மணி குண்டூசித் தலை.
ஆறு.

தாடையைத் தூக்கிப் பிடித்தேன்.
பலூனை அமுக்கினாள் சுரங்கி.
ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார் டொக்டர்.
நலொக்ஸோன்.
கொஞ்சம். மேலும் கொஞ்சம்.
ஒரேயடியாய்க் கொடுத்தால் வலி கூரையோடு வந்து விழும்.
ஹில்மி இழுத்தான் ஒரு மூச்சு,
அடுத்த மூச்சில் என் தாயையும் சேர்த்துத் திட்டினான்.
அத்தனை இனிப்பாய் ஒரு தூஷணம் நான் கேட்டதில்லை.

ஒழுங்காய்த்தானே கொடுத்தோம்?
தலையணைக்கடியில் ஃபிளாஸ்க், இஞ்சி போட்ட பிளேன் டீ.
வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த ரிஸ்மியாவைக் கூட்டிவந்தான் அட்டெண்டன்.
"ரெண்டு குளிசை கரைச்சன்,
மாமி நித்திரைக்குக் குடிக்கிறது.
அவருக்கே தெரியாது.
கண் மூடட்டும் எண்டுதான்."

அவள் மட்டுமா?
வேறு குளிசை ஏதும் உண்டா என்று
அவனிடம் கேட்டேன், சரி போட்டேன்.
ஃபிளாஸ்க்கை நீட்டியவளிடம் கேட்கவில்லை.
பதிவேட்டில் குப்பிக்கு ஒரு வரி உண்டு,
கேட்காத கேள்விக்கு வரி இல்லை.
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன்.
சுரங்கி வாசித்தாள், ஒன்றும் சொல்லவில்லை,
பக்கத்தில் தன் வட்டங்களைப் போட்டாள்.

மாற்று மருந்து சீக்கிரம் களைத்துவிடும்.
மோர்ஃபின் களைக்காது, மூலையில் காத்திருக்கும்.
அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
பெண்கள் இரவில் நிற்கக்கூடாத வோட்டில்
ரிஸ்மியா கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.
யாரும் போகச் சொல்லவில்லை.
தஸ்பீஹ் ஓதுவதுபோல்
விரல்கணுக்களில் எண்ணத் தொடங்கினாள்,
அவன் முழிக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"பதினொன்று" என்றேன்.
"எனக்குப் பன்னிரண்டு" என்றாள்.
திரும்ப எண்ணினோம்.