ஏழாம் வரிசை

ஏழாம் வரிசையில் இருபத்திரண்டு மரங்கள்தான்.
நானே எண்ணியிருக்கிறேன்,
ஏணியோடும் ஏணி இல்லாமலும்.
டாக்டரின் பேரேட்டிலோ இருபத்தொன்பது.

லூபென் கராஸ்தோயனோவ் கப்பலிலிருந்து இறங்கியபோது
மருத்துவப் பெட்டியில் ஆறு உருளைக்கிழங்குகள்.
ஒவ்வொன்றிலும் செருகியிருந்தது
கியுஸ்தெந்தில் செர்ரியின் ஒட்டுக்குச்சி,
ஈரம் காயாமல், பாண்டேஜ் சுற்றி.
இது என்ன, என்றார் சுங்க அதிகாரி.
அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் பன்னிரண்டு சொற்கள்.
அதில் ஒன்றைச் சொன்னார்:
சாப்பாடு.

புவெனஸ் அய்ரெஸில் அவர் பட்டத்தைத்
தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்கள்.
பல்கேரிய முத்திரை இங்கே செல்லாது,
மறுபடி முதலிலிருந்து படி, ஆறு வருடம்.
அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.
ரயில் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு டிக்கெட் கேட்டார்.
அங்கிருந்து கம்பளி லாரியில் இரண்டு நாள், தெற்கே.

எங்கள் ஏரிக்கரையில் செம்மறியும் காற்றும்தான்.
நீங்கள் அறிந்த காற்றல்ல.
கோழியைத் தூக்கிக்கொண்டு போய்
அடுத்த பண்ணையில் முட்டையிட வைக்கும் காற்று.
இங்கே பழமா என்று சிரித்தவர்களில்
என் அப்பாவும் ஒருவர்,
ஒரு கோடை முழுக்கச் சிரித்தார்.

யாரோ வேல்ஸ்காரன் விட்டுப்போன புளிப்புச் செர்ரியில்
ஆறு குச்சிகளையும் ஒட்டி உயிரைப் பிடித்து வைத்துவிட்டு,
நான்கு வருடம் அவர் நட்டது பாப்ளர் மட்டும்.
கோல் கோலாய், நெருக்கமாய்.
உடைந்த காலுக்குக் கட்டுவதுபோல
ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு சிம்பு, சாக்குத்துணி.
பிறகுதான் செர்ரி.
முதல் காய்ப்பு ஒரு தொப்பி நிறைய.
அதில் பாதியைத் தூதுவன்போல் வந்த ஒரு பறவை தின்றது.

வைத்தியம் பார்த்தால் சிறை என்று
போலீஸ் ஒரு காகிதம் கொடுத்திருந்தது.
அசல் டாக்டர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி.
தோமித்திலா மில்லாகேயோதான் முதலில் வந்தாள்.
வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்:

என் மரத்துக்கு மூன்று நாளாய் இருமல்.

அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.
மரம் ராத்திரி வியர்க்கிறதா?
வியர்க்கிறது.
பிசின் சிவப்பாய் வருகிறதா?
இல்லை.
சரி, மரத்தை உள்ளே வரச்சொல்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
ஊரில் எட்டுத் தெரு, தோட்டத்தில் எட்டு வரிசை.
ஏழாவது எங்கள் தெரு.

மரம் 23: தேன், வெந்நீர், கம்பளி. தேறிவிட்டது.
மரம் 24: ஈரல் வீக்கம். குடியை நிறுத்தச் சொன்னேன்,
சிரிக்கிறது.
அது என் அப்பா.
25, 26 யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.
மரம் 27: புது ஒட்டு. மூன்று கிலோ இருநூறு.
காற்றையும் மீறிக் கத்துகிறது.
அது நான்.

சுகாதார இலாகா அதிகாரி ஒருவர் வந்து
எங்கள் தெரு விடுதியில் தங்கினார்.
பேரேட்டைப் பக்கம் பக்கமாய்ப் படித்தார்.
ஈரல் வரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
டாக்டர் கெட்டில் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நெடுநேரம் கழித்து அதிகாரி, தணிந்த குரலில்:
என்னிடமும் ஒரு மரம் இருக்கிறது.
சாப்பிட்டால் நெஞ்செரிகிறது.

அவர்தான் 28.

இப்போது எங்கள் செர்ரி விமானத்தில் போகிறது.
அட்டைப்பெட்டிகளில் யாருடைய பெயரும் இல்லை,
எடை மட்டும்.
நான் பொதிகூடத்தில் இருக்கிறேன்.
பேரேடு என் மேசை இழுப்பறையில்.
கடைசிப் பதிவின் கையெழுத்து கொஞ்சம் கோணல்.
மரம் 29: இதயத்தில் முணுமுணுப்பு.
நட்டவனிடம் சொல்லவேண்டாம்.

நேற்றிரவு பூவின்மேல் உறைபனி.
தண்ணீர் திறந்துவிட்டு ஏழாம் வரிசையோடு நடந்தேன்,
பூக்கள் கண்ணாடிக்குள் போய்க்கொண்டிருந்தன.
இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு.
அதற்கப்புறம் வேலி,
அதற்கப்புறம் ரோடு,
அதற்கப்புறம் எங்கள் தெரு.
யாரோ இருமினார்கள்.
விளக்கு எரிந்தது.