ஆறாவது புள்ளி

கீழக்குயில்குடிக் கண்மாய்க் கரை.
எருக்கம்பூவில் வெந்தய வரியன்.
கொட்டாங்குச்சியில் தண்ணீர்,
மடியில் காகிதம்.

சித்திரை வெயிலுக்கு அவசரம் அதிகம்.
சிறகின் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரம் போவதற்குள்
ஆரஞ்சு காய்ந்து கோடு விழுகிறது,
வைகைப் பாலத்தூணில்
என்றோ நீர் நின்ற மட்டம்போல.

போன வாரத்துப் படம் போர்த் தண்ணீரில்.
வில்லாபுரம் வீட்டுக் குழாய்.
காய்ந்ததும் உப்புப் பூத்து
சிறகெல்லாம் தேமல்.
இன்றைக்குக் குடிக்கிற தண்ணீர்,
குடம் பன்னிரண்டு ரூபாய்.

வெள்ளைக்கு என் டப்பாவில் வண்ணம் கிடையாது.
கறுப்பால் சுற்றி வளைத்து
காகிதத்தை அப்படியே விடவேண்டும்.
ஆறு புள்ளி.
மூச்சைப் பிடித்து ஐந்தை விட்டேன்.

ஆறாவதில் ஆடு தும்மியது.
கறுப்பு உள்ளே இறங்கிவிட்டது.

"பிளாட்டு அளக்க வந்தீகளா?"
ஒச்சம்மா குனிந்தாள்.
"இல்லை, பூச்சி. கெட்டுப்போச்சு."
படத்தைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள்.
"சரியாத்தான இருக்கு?
அதுக்கும் அந்த மூலை பிஞ்சுதான கெடக்கு."

ஓணான் கடித்திருக்கும்.
வலது சிறகின் நுனியே இல்லை.
ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து
இல்லாத புள்ளிக்கு
இடம் விடப் பார்த்திருக்கிறேன்.

நான் நிமிர்வதற்குள்
கொட்டாங்குச்சியின் கறுப்புத் தண்ணீரை
ஆடு குடித்து முடித்திருந்தது.